விளக்குக்குள் தெரிவது யார் முகம்? கபுக்கிப் பேய்களும் மரக்கட்டை அச்சும்

#1 · நிலாமுற்றம்

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக ஒரு படம் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அருங்காட்சியகத் தொகுப்பு ஒன்றை இணையத்தில் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. ஹொக்குஎய் என்ற ஒசாக்கா ஓவியர் 1832-இல் வரைந்த மரக்கட்டை அச்சு. ஒரு பக்கம் ஓர் ஆண் நிற்கிறான். எதிரே தொங்கும் காகித விளக்கில் ஒரு பெண்ணின் முகம். ஒரு கண் வீங்கிச் சரிந்திருக்கிறது. பெயர் ஓயிவாவாம்.

எனக்கு விளங்காதது இதுதான். படத்தின் விவரக்குறிப்பில் "இரண்டாம் அராஷி ரிக்கன், இயேமோன் வேடத்தில்" என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் நான் பார்ப்பது பேய்க்கதைப் படமா, ஒரு நடிகரின் உருவப்படமா? அப்புறம், விளக்குக்குள் ஏன் முகம் வருகிறது? ஜப்பானிய நாடகம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

#2 · மைக்கட்டை

நல்ல கேள்வி நிலாமுற்றம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்; கதை தெரியாமல் இந்தப் படங்களுக்குள் போக முடியாது.

இது கபுக்கி என்ற ஜப்பானிய மேடைநாடக வகை. நாடகத்தின் பெயர் "தொக்கைதோ யோட்சுயா கைடான்". எழுதியவர் நான்காம் ட்சுருயா நம்போக்கு. 1825 கோடையில், எடோவின் நகமுரா-சா அரங்கில் முதன்முதலாக ஏறியது. எடோ என்றால் இன்றைய தோக்கியோ.

இயேமோன் எஜமானனை இழந்த சாமுராய். வேலை இல்லை, குடைக்குக் காகிதம் ஒட்டிப் பிழைக்கிறான். மனைவி ஓயிவா பிள்ளை பெற்று உடம்பு தேறாமல் படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு இத்தோ குடும்பம் வசதியானது. அந்த வீட்டுப் பேத்தி ஓஉமேவுக்கு இயேமோன் மேல் ஆசை. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து என்று சொல்லி அங்கிருந்து ஒரு பொடி வருகிறது. ஓயிவா கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு துகள்கூடச் சிந்தாமல் குடிக்கிறாள். அது விஷம். முகம் வெந்து வீங்குகிறது. உடம்பு பிடித்துவிடும் தக்குஎட்சு என்பவன் கண்ணாடியைக் காட்டுகிறான். அவள் அழுது ஒடுங்கிவிடவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் நேருக்கு நேர் நியாயம் கேட்க வேண்டும் என்று தலைவாரத் தொடங்குகிறாள். வார வார முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வருகிறது. அந்தக் கோபத்திலேயே, தூணில் குத்தி நின்ற வாளில் கழுத்து பட்டு இறந்துபோகிறாள்.

இயேமோன் அதே நாளில் கொஹெய் என்ற வேலைக்காரனையும் கொல்கிறான். இருவரையும் ஒரு கதவுப்பலகையின் இரண்டு பக்கமும் ஆணியடித்து ஆற்றில் விடுகிறான். கள்ளக்காதலர்கள் செத்துப்போனார்கள் என்று ஊர் நம்பட்டும் என்பது அவன் கணக்கு. பிறகு ஒரு நாள் கால்வாயில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பலகை மிதந்து அவனிடமே வருகிறது. ஒரு பக்கம் ஓயிவா. திருப்பினால் கொஹெய்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓயிவா, கொஹெய் இரண்டு வேடத்தையும் போட்டவர் ஒருவர்தான், மூன்றாம் ஒனோஎ கிக்குகொரோ (மேடைப்பெயர் வழிவழியாக வருவது, அதனால்தான் இந்த "மூன்றாம்", "இரண்டாம்" எல்லாம்). பலகையில் தலை நுழைக்கும் அளவுக்கு ஓட்டை இருக்கும். உடம்புக்குப் பொம்மை. பலகை திரும்பும் சில நொடிக்குள் ஒப்பனை மாற்றி அடுத்த பக்கம் தலையை நீட்டுவார். இப்படிப்பட்ட விசைகளைச் செய்து கொடுத்தவர் ஹசெகவா கன்பெய் என்ற மேடைத் தச்சர். இந்தக் கலையில் அவருக்கும் சரிபங்கு உண்டு என்பேன். பார்க்க வந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் தெரியும்: பிணம் பேசுகிறது, அந்தப் பிணம் நம் கிக்குகொரோ. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. அச்சுப் படங்களும் அப்படியேதான். நீங்கள் பார்ப்பது பேய்க்கதைப் படம், நடிகர் படம், இரண்டும்.

விளக்கு முதல் மேடையேற்றத்தில் இல்லை. 1825-இல் ஓயிவா வெளிப்பட்டது, ஓடும் நீர்மேல் நான்கு குச்சியில் கட்டிய ஒரு வெள்ளைத்துணியிலிருந்து. பிரசவத்தில் இறந்த பெண்ணுக்காக அப்படித் துணி கட்டி, போகிற வருகிறவர்கள் அதன்மேல் நீர் ஊற்றிச் செல்வது அங்கே வழக்கம். அந்தத் துணியிலிருந்து அவள் கைக்குழந்தையோடு எழுந்து வருவாள். எரியும் விளக்கின் ஓட்டை வழியாக நடிகர் தலைகீழாய்ச் சரிந்து வெளிவரும் உத்தி 1831-இல் சேர்ந்தது. உங்கள் ஹொக்குஎய் படம் அதற்கு அடுத்த ஆண்டு. புதுச்செய்தி சூடு ஆறுவதற்குள் ஒசாக்காவில் அச்சாகிவிட்டது.

#3 · நிலாமுற்றம்

மைக்கட்டை, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவள் ஒரு துகள் சிந்தாமல் குடிக்கும் இடத்தைப் படித்தபோது தொண்டை அடைத்துவிட்டது. படத்தைத் திறந்து மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை பயம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது.

#4 · கருந்திரை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மைக்கட்டை சொன்ன தகவலில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நடிகர் படம் என்றாலே அது விளம்பரம்தானே? அரங்கில் நாடகம் திறக்கும்போது கூடவே விற்க அச்சடித்தது. நடிகரின் மூக்கு சரியாக வந்திருக்கிறதா, குடும்ப முத்திரை உடையில் தெரிகிறதா என்பதுதான் வாங்குகிறவனுக்கு முக்கியம். அதில் பேய் எங்கே இருக்கிறது?

ஓவியர் ஹொக்குசாய் 1831, 32 வாக்கில் வரைந்த "நூறு கதைகள்" தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து படங்கள்தான் கிடைத்திருக்கின்றன. அதில் ஓயிவா முழுக்க முழுக்க விளக்காகவே ஆகிவிட்டாள். விளக்கில் முகம் தெரிகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. விளக்கின் கிழிசல்தான் அவள் வாய். எந்த நடிகரின் சாயலும் இல்லை, மேடையும் இல்லை. இன்னொரு பேய்க்கதைப் பெண்ணான ஒகிக்குவின் படத்தில் கிணற்றிலிருந்து எழும் கழுத்தே அடுக்கிய தட்டுகளாக இருக்கிறது. உடைந்துபோன ஒரு தட்டுக்காக உயிர்விட்டவள், ஒன்பது வரை எண்ணி எண்ணி அழுகிறவள், கடைசியில் தட்டாகவே ஆகிவிட்டாள். வாயிலிருந்து மெல்லிய புகை போகிறது. ஒரு தாளில் ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிட்டார் மனிதர். இதன் பக்கத்தில் நடிகர் படங்களை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

#5 · ஊமத்தம்பூ

கருந்திரை, ஹொக்குசாய் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் அதே தொகுதியில் கொசுவலைக்கு மேலிருந்து எட்டிப் பார்க்கும் எலும்பு முகம் இருக்கிறதே, அதை மறந்துவிட்டீர்கள். அவன் பெயர் கொஹாதா கொஹெய்ஜி. அவன் யார் தெரியுமா? ஒரு நடிகன்!

கதைப்படி, பெரிய வேடம் எதுவும் கிடைக்காத சாதாரண நடிகன் அவன். பேய் வேடம் மட்டும் அவனுக்கு அச்சாகப் பொருந்தும். அதை வைத்தே பெயர் வாங்கினான். அவன் மனைவியும் அவள் காதலனும் சேர்ந்து திட்டம் போட, அந்தக் காதலன் அவனைச் சதுப்பு நீரில் தள்ளிக் கொல்கிறான். அவன் வீடு திரும்புகிறான், இந்தத் தடவை வேடம் இல்லாமல். இருவரும் படுத்திருக்கும் கொசுவலையை விரலால் மெதுவாகக் கீழே இழுத்துப் பார்க்கிறான். சந்தோ கியோதென் 1803-இல் இதைக் கதையாக எழுதினார். 1808-இல் கபுக்கியில் ஏறியபோது கொஹெய்ஜியாக நடித்தவர் முதலாம் ஒனோஎ மட்சுசுகே. அவருடைய வளர்ப்பு மகன்தான் மைக்கட்டை சொன்ன மூன்றாம் கிக்குகொரோ.

அந்தக் குடும்பத்துக்குப் பேய் வேடம் குலத்தொழில் மாதிரி. மட்சுசுகே 1804 கோடையில் நம்போக்கு எழுதிய இன்னொரு நாடகத்தில் நடித்தார். அதில் தென்ஜிகு தொக்குபெய் என்ற கடலோடி கதாநாயகன். தென்ஜிகு என்றால் ஜப்பானியருக்கு இந்தியா. அந்தப் பக்கமெல்லாம் போய்வந்த மாலுமி என்று அவனுக்குப் பெயர். அந்த நாடகத்தில் மட்சுசுகே தண்ணீருக்குள் குதித்த கையோடு வேறு உடையில், ஒரு துளி ஈரம் இல்லாமல் வந்து நிற்பார். தடைசெய்யப்பட்டிருந்த கிறிஸ்தவ மந்திரம் ஏதோ செய்கிறார் என்று ஊரில் பேச்சு கிளம்பியது.

கோடை என்பதும் முக்கியம். வெக்கையில் பெரிய நட்சத்திரங்கள் ஓய்வெடுத்துக்கொள்வார்கள். அரங்கில் கூட்டம் குறையும். செத்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் பண்டிகையும் அதே பருவம். முதுகில் குளிர் ஏற்றும் நாடகத்துக்கு அதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. ஓயிவாவின் விளக்கும் ஓபோனுக்கு ஏற்றி வைக்கும் விளக்குதான்.

ஆகவே ஹொக்குசாயின் பேய்கள் மேடைக்கு வெளியே பிறந்தவை என்று சொல்லிவிட முடியாது. படம் பார்க்கும் எடோக்காரனுக்கு அந்தக் கொசுவலைக்குப் பின்னால் மட்சுசுகே நினைவுக்கு வராமல் இருந்திருப்பாரா?

#6 · செதுக்குளி

நான் மரக்கட்டையில் செதுக்குகிறவன். பதினோரு வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வரைந்தவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், செதுக்கியவனைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

இந்த அச்சு நான்கு பேர் வேலை. பணம் போட்டு நடத்தும் பதிப்பாளர், வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர். வரைந்த மெல்லிய தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் தலைகீழாக ஒட்டிச் செதுக்குவார்கள். மூலத் தாள் அதோடு அழிந்துபோகும். கோட்டுக்கு ஒரு கட்டை, அப்புறம் நிறத்துக்கு நிறம் தனிக்கட்டை. எல்லாக் கட்டையிலும் மூலையில் ஒரு வெட்டு, பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும். தாளை அதில் அணைத்து வைத்தால் நிறம் விலகாது. காகிதம் கோசோ என்ற முசுக்கட்டை வகை மரத்தின் பட்டையிலிருந்து வருவது. எத்தனை தடவை அழுத்தித் தேய்த்தாலும் தாங்கும். தேய்ப்பதற்கு மூங்கில் மடல் சுற்றிய ஒரு வட்டத் திண்டு.

பேய்ப் படத்தில் எனக்கு உயிர் முடிதான். வரைபவர் தலைமுடியின் வெளிவரம்பைத்தான் போட்டுக் கொடுப்பார். நெற்றியோரத்தில் ஒவ்வொரு இழையாகப் பிரித்துச் செதுக்குவது செதுக்குபவரின் பொறுப்பு. பட்டறையில் மூத்த கைதான் முகத்தையும் முடியையும் தொடும். சின்னவர்களுக்கு உடையும் பின்னணியும். இழைக்கும் இழைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இழையை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் மரத்தை எடுக்க வேண்டும். ஒரு இழை முறிந்தால் அதோடு போச்சு.

ஓயிவாவின் கதையே முடியில்தானே திரும்புகிறது? மேடையில் அவள் வார வார முன்னால் முடி குவிந்துகொண்டே போகும், கீழே இருந்து ஆள் முடியைத் தள்ளிக்கொண்டே இருப்பான். மேடைக்குக் கீழே ஒரு கை, பட்டறையில் ஒரு கை. பெயர் போடாத இரண்டு பேர் சேர்ந்து அந்தப் பெண்ணின் முடியை உதிர்த்திருக்கிறார்கள். இதை நினைக்காமல் என்னால் அந்தப் படங்களைப் பார்க்க முடிவதில்லை.

இன்னொன்று, நிறம். 1830-ஐ ஒட்டி ஐரோப்பாவிலிருந்து வந்த பிரஷ்ய நீலம் மலிந்தது. அதற்கு முன்பு ஒரு வகைப் பூவின் சாற்றிலிருந்து எடுத்த நீலத்தைப் பயன்படுத்தினார்கள். அது வெளிச்சம் பட்டால் ஓடிவிடும். குசும்பாப் பூச் சிவப்பும் அப்படித்தான் வெளுக்கும். ஆகவே பழைய படங்களில் பேய் வெளிறித் தெரிகிறது என்று நாம் வியப்பதில் ஒரு பகுதி, நிறம் போனதால் வந்தது. புதிதாக விற்றபோது அவை இன்னும் பளிச்சென்று இருந்திருக்கும். அதற்கு மாறாக, பிரஷ்ய நீலத்தைப் பலகையில் ஈரத்துணியால் மங்க வைத்து மேலிருந்து கீழே கரைய விட்டால் இரவு வந்துவிடும். அது இன்றும் அப்படியே நிற்கிறது.

#7 · பனிமலர்

அருமையான இழை. செதுக்குளி அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

ஒரு சின்னக் கேள்வி. ஜப்பானியப் பேய்களுக்குக் கால் இல்லை, அதைத் தொடங்கி வைத்தவர் மருயாமா ஓக்கியோ என்ற ஓவியர் என்று ஓரிடத்தில் படித்தேன். சரிதானா?

#8 · மைக்கட்டை

ஓக்கியோவின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது உண்மை. 1733 முதல் 1795 வரை வாழ்ந்தவர். இடுப்புக்குக் கீழே மங்கி மறையும் பெண் ஆவியை அவர் வரைந்த விதம் பிறகு வந்த எல்லோரையும் பிடித்துக்கொண்டது. ஆனால் காலில்லாத ஆவி அவர் பிறப்பதற்கு முன்பே புத்தகப் படங்களில் வந்திருக்கிறது.

மேடையில் கால் இருக்கிற மனிதன்தானே நடிக்க வேண்டும். அதற்காகப் புனல் மாதிரி கீழே ஒடுங்கும் நீண்ட உடை தைத்தார்கள். கால் பாவாமல் மிதப்பது போலத் தெரியும். கையை மார்புக்கு முன்னால் தொங்கவிட்டு, முகத்தில் நீலக்கோடு இழுப்பார்கள். பெருமேளத்தை நீண்ட குச்சியால் மிக மெதுவாக, விடாமல் தட்டுவார்கள். தொரொதொரொ என்று அந்த ஒலிக்கே பெயர். அது கேட்டால் அரங்கில் எல்லோருக்கும் தெரியும், வரப்போகிறது என்று. சாராயத்தில் நனைத்த துணியைக் குச்சி நுனியில் கட்டிக் கொளுத்தி நீலத்தழலாக ஆட்டுவார்கள். அச்சுப் படங்களில் பேய்க்குப் பக்கத்தில் வால் வைத்த தீக்கொழுந்து மிதக்கிறதே, அதைப் பார்க்கும்போது அந்தக் குச்சியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கருந்திரைக்கு ஒரு சொல். விளம்பரம் என்றீர்கள். ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்கு ஒரு படம் கிடைக்கும் என்பது அந்தக் காலக் கணக்கு. கூலிக்காரனும் வாங்கினான். கிக்குகொரோ அழகுக்குப் பேர்போனவர். அந்த அழகான முகத்தை அவரே சிதைத்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அந்தச் சிதைந்த முகத்தையே காசு கொடுத்து வாங்கி வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். வெறும் விளம்பரத்துக்கு இதைச் செய்ய முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

#9 · வைகறைச்செல்வி

நான் கேட்க நினைத்தது வேறு. ஓயிவா, ஒகிக்கு, எல்லாம் பெண்கள். எல்லாம் ஏழைகள். உயிரோடு இருக்கும்போது ஓயிவாவுக்குக் குரல் இல்லை. செத்த பிறகுதான் இயேமோனை உட்காரவிடாமல் துரத்துகிறாள். கல்யாண இரவில் அவன் புதுமனைவியின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தால் ஓயிவாவின் முகம். வெட்டினால் விழுவது ஓஉமேயின் தலை.

இந்த நாடகத்தை முதல் முறை எப்படி ஏற்றினார்கள் என்று படித்தபோதுதான் எனக்கு இது வெளிச்சமானது. நாற்பத்தேழு சாமுராய்களின் விசுவாசத்தைப் போற்றும் "சூஷிங்குரா" நாடகத்தோடு இதைக் கோத்து, இரண்டு நாளாக நடத்தியிருக்கிறார்கள். அந்த நாடகத்தில் சில காட்சி, இதில் சில காட்சி என்று மாறி மாறி. இயேமோன் அதே எஜமானனின் ஆள், பழிவாங்கப் போகாமல் பின்வாங்கியவன். இத்தோ குடும்பம் எதிரிப் பக்கம். அங்கே ஆண்கள் வீரத்தோடு எஜமானனுக்காகச் சாகிறார்கள். அதே நேரத்தில், அதே ஊரில், ஒரு வீட்டுக்குள் ஒரு பெண் மருந்து என்று நம்பி விஷம் குடிக்கிறாள். நம்போக்கு இதை வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் என்றே நான் நினைக்கிறேன். எத்தனை பெரிய மனது அந்த மனிதருக்கு.

அச்சுப் படங்கள் இந்தப் பக்கத்தைச் சொல்கின்றனவா? அல்லது திடுக்கிட வைக்கும் கணத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றனவா?

#10 · ஊமத்தம்பூ

அக்கா, பெரும்பாலும் கணம்தான். விளக்கு, பலகை, கிணறு. குடிக்கிற காட்சியை விற்பது கடினம். தலைவாரும் காட்சிக்குப் படங்கள் உண்டு.

ஆனால் நியாயம் கேட்கும் பேய் ஆணாகவும் வந்திருக்கிறது. சகுரா சோகோ என்ற ஊர்த்தலைவன் பதினேழாம் நூற்றாண்டு மரபுக்கதையில் வருகிறான். வரிக்கொடுமை தாங்காமல் நேரே நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனிடம் மனு கொடுத்துவிட்டான். அதற்குத் தண்டனையாக அவனைச் சிலுவை மரத்தில் அறைந்தார்கள், பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. 1851-இல் இது நகமுரா-சாவில் நாடகமானது. தணிக்கைக்குப் பயந்து பெயரை அசகுரா தோகோ என்று மாற்றி, காலத்தையும் பின்னுக்குத் தள்ளினார்கள். நான்காம் இச்சிகவா கொதன்ஜி நடித்தார். உத்தகவா குனியோஷி அந்த ஆவியை வரைந்தார். பிரபுவின் மாளிகைக்குள், அத்தனை ஆடம்பரத்துக்கும் நடுவில், ரத்தம் தோய்ந்த குடியானவன் வந்து நிற்கிறான். கூட்டம் கூட்டமாகக் குடியானவர்கள் அந்த நாடகத்தைப் பார்க்க வந்தார்கள்.

அந்தப் படங்களில் நடிகரின் பெயர் கிடையாது. ஏன் என்று செதுக்குளியோ மைக்கட்டையோ சொன்னால் நல்லது.

#11 · மைக்கட்டை

1842 ஆணை. தெம்போ சீர்திருத்தம் என்று பெயர். ஆடம்பரத்தை ஒழிக்கிறோம் என்று ஷோகன் அரசு இறங்கியது. நடிகர் படம், விலைமாதர் படம் இரண்டுக்கும் தடை. நிறத்துக்கு வரம்பு, விலைக்கும் 16 மோன் (அந்தக் காலச் சில்லறைக் காசு) என்று வரம்பு. அரங்குகளை நகரின் நடுவிலிருந்து கிளப்பி அசகுசா பக்கம் ஒதுக்கினார்கள். முதல் இயேமோனாக நடித்த ஏழாம் இச்சிகவா தன்ஜூரோவை, பகட்டாக வாழ்ந்தார் என்று சொல்லி எடோவை விட்டே துரத்தினார்கள்.

ஓவியர்கள் என்ன செய்தார்கள்? வீரர் கதை, பழங்கதை, அறநெறிக் கதை என்று தலைப்புப் போட்டு வரைந்தார்கள். முகம் மட்டும் நடிகருடையது. தன்ஜூரோவுக்குப் பெரிய கண்கள். அந்தக் கண்ணை வரைந்துவிட்டால் பெயர் எதற்கு? பிடி தளர்ந்த பிறகும் பல ஆண்டு பெயர் போடாமலேயே விற்றார்கள், பார்ப்பவர்கள் முகத்தை வைத்தே கண்டுகொண்டார்கள்.

கருந்திரை, நடிகரின் மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்றீர்கள். ஆமாம், அவ்வளவு முக்கியம். பெயரைப் பறித்த பிறகு மிச்சம் இருந்தது அந்த மூக்கும் கண்ணும்தான்.

#12 · கருந்திரை

இதை நான் யோசித்திருக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

இப்போதும் ஒரே ஒரு படம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஹொக்குசாயின் ஒகிக்குவைத்தான் எடுப்பேன். அதில் மாற்றமில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. இரவில் பெரியவர்கள் கூடி நூறு திரி ஏற்றி, ஒரு கதைக்கு ஒரு திரி என்று அணைத்துக்கொண்டே வருவார்களாம். நூறாவது திரி அணைந்தால் உண்மையாகவே பேய் வரும் என்று நம்பிக்கை. ஹொக்குசாயின் தொகுதிக்கு அந்தப் பழக்கத்தின் பெயர்தான். அவர் வரைந்தது இருட்டில் கதை கேட்பவனின் மனதுக்குள் இருக்கும் பேய். குனியோஷியும் ஹொக்குஎயும் வரைந்தது கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும் பேய். நான் இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டேன்.

#13 · செதுக்குளி

கருந்திரை, யோஷிதோஷியையும் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்கும். குனியோஷியிடம் பயின்றவர். 1889-இல் தொடங்கி "முப்பத்தாறு பேய்களின் புதிய வடிவங்கள்" என்ற தொகுதியை வரைந்தார். 1892-இல் அவர் இறந்தபோது அது முடியவில்லை, பிறகுதான் நிறைவு செய்தார்கள். தலைப்பில் ஒரு சொல்விளையாட்டு. புதிய வடிவம் என்பதற்கான "ஷின்கெய்" என்ற ஒலியே நரம்பு என்றும் பொருள்படும். மேற்கத்தியக் கல்வி வந்து, பேயெல்லாம் நரம்புத்தளர்ச்சி என்று சொல்லத் தொடங்கிய மெய்ஜி காலம் அது.

அவருடைய ஒகிக்குவிடம் தட்டும் இல்லை, கோரமும் இல்லை. கிணற்றோரம் உடம்பு கரைய நிற்கிற மெலிந்த பெண், அவ்வளவுதான். ஓரச்சட்டம் பூச்சி அரித்தது போலச் செதுக்கப்பட்டிருக்கிறது. பூச்சி அரித்தது போல ஒழுங்கில்லாமல் செதுக்குவது, நேர்கோடு செதுக்குவதைவிட எத்தனை கடினம் என்று என் கைக்குத் தெரியும்.

#14 · பனிமலர்

இவற்றையெல்லாம் எங்கே பார்க்கலாம்? நான் இப்போது தோக்கியோவில்தான் வேலை செய்கிறேன்.

#15 · மைக்கட்டை

அப்படியா! கொடுத்து வைத்தவர் நீங்கள். வசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நாடகம் சார்ந்த அச்சுப் படங்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல் வைத்திருக்கிறார்கள். இணையத்திலும் தேடிப் பார்க்கலாம், ஆகவே மற்றவர்களும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டு மாதம் யனகா பகுதியில் ஸென்ஷோ-ஆன் கோவிலுக்குப் போக மறக்காதீர்கள். கதைசொல்லி சன்யூத்தெய் என்ச்சோ சேர்த்து வைத்த பேய் ஓவியச் சுருள்களை அந்த மாதம் மட்டும் தொங்கவிடுவார்கள். அவை அச்சு அல்ல, கையால் வரைந்தவை. என்ச்சோ சொன்ன "பியோனி விளக்கு" கதைதான் 1892-இல் கபுக்கியாகி, ஐந்தாம் கிக்குகொரோ அதில் நடித்தார். அதே குடும்பம், அதே பேய் வேடம்.

யோட்சுயாவில் ஓயிவாவுக்குக் கோவில் இருக்கிறது. அங்கே கும்பிடுவது நாடகத்துப் பேயை அல்ல. 1636-இல் இறந்ததாகச் சொல்லப்படும், குடும்பத்தை உழைத்து நிமிர்த்திய நல்ல மனைவி ஓயிவாவை. இந்த நாடகத்தைப் போடும் நடிகர்கள் ஒத்திகைக்கு முன் அங்கே போய் வணங்கிவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

#16 · வைகறைச்செல்வி

பனிமலர், அந்தக் கோவிலுக்குப் போனால் என் பெயரிலும் ஒரு தடவை கைகூப்பிவிட்டு வாருங்கள்.

#17 · நிலாமுற்றம்

எல்லோரும் சொன்னதை வைத்துக்கொண்டு நேற்று இரவு முழுக்கத் தேடினேன். மைக்கட்டை சொன்ன பலகைக் காட்சிக்கு மடிப்புப் படங்கள் இருக்கின்றன! அச்சில் கதவுப்பலகை மட்டும் தனித் தாளாக, ஒரு ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. மூடியிருந்தால் ஒரு பிணம், தூக்கிப் புரட்டினால் மறு பிணம். வாங்கியவர் தன் விரலாலேயே திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் பார்த்த பிரதியில் அந்த மடிப்பின் கீழ் ஓரம் மட்டும் பழுப்பேறி, நுனி மழுங்கியிருக்கிறது.